ஒரு கச்சேரியின் ஸனது

ரபீவுல் அவ்வல் பிறை தென்பட்டுவிட்டால் எங்கள் வீட்டில் தவறாமல் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. இராஜபாளையத்தில் நாங்கள் குடியிருந்த தெருவின் முனையில், பள்ளிவாசலுக்கு எதிரே பந்தலிட்டு மீலாது விழா நடந்ததாம். அவ்விழாவில் இசைமுரசு நாகூர் இ. எம். ஹனீபா அவர்கள் வந்து நள்ளிரவு வரை பாடினார்களாம். கச்சேரி முடிந்தபின் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து உணவருந்தினார்களாம். உறங்கிக்கொண்டிருந்த சிறுவனாகிய என் தலையில் கைவைத்து, "இந்தப் பிள்ளை மார்க்கக் கல்வி படிக்கட்டும்" என்று துஆச் செய்தார்களாம்.

மர்ஹூம் அத்தா அவர்கள் இதைச் சொல்லும்போது முகத்தில் தோன்றும் பூரிப்பை இன்றும் நான் மறக்கவில்லை. நான் மதரஸாவில் ஓதி முடித்து, அஃப்ஸலுல் உலமாத் தேர்வும் எழுதி, ஸ்ரீவில்லிபுத்தூரில் பிள்ளைகளுக்கு அரபும் தமிழும் கற்பிக்கும் ஆசிரியனாக அமர்ந்தபின், நானும் இக்கதையை வகுப்பறையிலும் மேடையிலும் பலமுறை சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள்; நானும் மகிழ்ந்தேன். அந்தக் கதையை ஒரு நாள் நானே ஆராய நேரும் என்று நினைக்கவில்லை.

ஆராய்ச்சிக்கு வித்திட்டது ஓர் ஆங்கில நூல். என் சகோதரியின் மகன் இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் பணிபுரிகிறார். விடுமுறையில் ஊர் வந்தபோது பெட்டியிலிருந்து அதை எடுத்தார். மார்க் லூயிசன் என்பார் 1986இல் வெளியிட்ட 'தி பீட்டில்ஸ் லைவ்' என்னும் நூல் அது. அறுபதுகளில் உலகப் புகழ் பெற்ற பிரிட்டிஷ் பாடகர் குழுவினர் எந்நாளில், எவ்வூரில், எந்த மண்டபத்தில் பாடினர் என்பதைத் தேதி வாரியாகத் தொகுத்தளிப்பது அந்நூல். 

"மாமா, இதைப் பார்த்ததும் உங்கள் ஹதீஸ் கிதாபுகள்தாம் நினைவுக்கு வந்தன" என்றார் மருமகன். அந்த இசையில் எனக்குப் பழக்கமும் இல்லை, நாட்டமும் இல்லை. ஆயினும் அவர் வாசித்துக் காட்டியதையும் விளக்கியதையும் கேட்கக் கேட்க வியப்பு மிகுந்தது. அக்குழுவினர் லிவர்பூலில் 'கேவர்ன்' என்னும் நிலவறையில் மட்டும் 1961 முதல் 1963 வரை 300-ஐ நெருங்கும் எண்ணிக்கையில் பாடியிருக்கின்றனர். 1966 ஆகஸ்டு 29இல் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் பாடியதோடு ஊர் ஊராகச் சென்று பாடுவதை நிறுத்திக்கொண்டனர். இசைத்தட்டில் பதிந்தது நிலைத்து நிற்கும். மேடையில் பாடியதோ அன்றிரவே காற்றோடு போகும். அப்படிப் போனதைத்தான் அந்நூலாசிரியர் பழைய செய்தித்தாள்களின் விளம்பரங்களிலும், நேரில் கண்டவர்களின் வாய்மொழியிலும் தேடித் திரட்டியிருக்கிறார்.

இன்னொரு செய்தி என்னை மேலும் சிந்திக்க வைத்தது. 1957 ஜூலை 6ஆம் நாள், லிவர்பூலின் ஒரு பகுதியான வூல்ட்டனில் மாதாகோயில் விழா ஒன்று நடந்தது. அங்கேதான் அக்குழுவின் ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் முதன்முதலில் சந்தித்தனர். அன்று லெனன் பாடியதை உள்ளூர் இளைஞர் ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியில் பதிந்து வைத்தார். அந்த நாடா பல்லாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்து, 1994இல் ஏலத்தில் 78,500 பவுனுக்கு விலை போயிற்று. உலகறிந்த பாடகர்களின் தொடக்கம் ஓர் ஊர்க் கோயில் விழாவில் இருந்திருக்கிறது. நம் பாடகர்களின் தொடக்கமும் மீலாதுப் பந்தலிலும், கந்தூரி மேடையிலும், திருமண வீட்டு வாசலிலும்தானே இருந்தது?

இத்தகைய தொகுப்பு மேனாட்டாருக்கே உரியது என்று நாம் எண்ணிவிடக் கூடாது. கி.பி. பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அபுல் ஃபரஜ் அல் இஸ்ஃபஹானீ அவர்கள் 'கிதாபுல் அகானீ' என்னும் பெருநூலை இயற்றினார்கள். கலீபா ஹாரூன் ரஷீதுக்காகத் தெரிந்தெடுக்கப்பட்ட நூறு பாடல்களை அடிப்படையாகக் கொண்டு தொடங்கி, இருபதுக்கும் மேற்பட்ட பாகங்களாக விரியும் நூல் அது. இப்பாடலை இயற்றியவர் யார், இசையமைத்தவர் யார், எந்த அவையில் பாடப்பட்டது, கேட்டவர் என்ன சொன்னார் என்பனவற்றையெல்லாம், "இன்னாரிடமிருந்து இன்னார், அவரிடமிருந்து இன்னார் எனக்கு அறிவித்தார்" என்று ஸனதோடு எழுதி வைத்தார்கள். பக்தாதில் ஒலித்த அந்தக் குரல்களில் ஒன்றைக்கூட இன்று நாம் கேட்க இயலாது. ஆனால் அவை ஒலித்தன என்பதற்குச் சான்று இருக்கிறது.

நமக்கு அப்படி ஒரு நூல் உண்டா என்று யோசித்தேன். தமிழ் முஸ்லிம்கள் படைத்த நூல்களைத் தேடி வரலாறாக்கப் பேரறிஞர் ம. மு. உவைஸ் அவர்களும் முனைவர் பீ. மு. அஜ்மல்கான் அவர்களும் அரும்பாடுபட்டனர். சீறாப்புராணம் முதலாகப் பற்பல நூல்களின் விவரம் அதனால் நமக்குக் கிடைத்தது. ஏட்டில் எழுதியவர்க்கு வரலாறு வாய்த்தது. மேடையில் பாடியவர்க்கு?

இசைமுரசு அவர்களையே எடுத்துக்கொள்வோம். 1925 டிசம்பர் 25இல் இராமநாதபுரத்தில் பிறந்து, நாகூரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டு, 2015 ஏப்ரல் 8இல் சென்னையில் வஃபாத்தானார்கள். சட்ட மேலவை உறுப்பினராகவும் வக்பு வாரியத் தலைவராகவும் இருந்தவர்கள். தீன் மேடையிலும் திராவிட முன்னேற்றக் கழக மேடையிலும் ஒரே கம்பீரத்தோடு முழங்கியவர்கள். 1961இல் வெளிவந்த 'பாவமன்னிப்பு' முதலிய திரைப்படங்களிலும் அவர்களின் குரல் ஒலித்தது. இசைத்தட்டுகள் இருக்கின்றன, ஒலிநாடாக்கள் இருக்கின்றன. ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஊர் ஊராகச் சென்று பாடிய இரவுகளை யார் எழுதி வைத்தார்கள்? அவர்களுக்கே இந்நிலை என்றால், இசைத்தட்டின் ஊசி தொடாத எத்தனையோ உள்ளூர்ப் பாவாணர்கள், பைத்து ஓதியவர்கள், ஆர்மோனியக்காரர்கள் ஆகியோரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

இங்கே வாசகர் சிலருக்கு ஓர் ஐயம் எழலாம். வாத்தியங்களோடு பாடுவது பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டே, ஓர் ஆலிம் இதில் இறங்கலாமா என்று. என் உஸ்தாதும் ஆர்மோனியத்தின் ஓசை கேட்டால் அவ்விடம் விட்டு எழுந்துவிடுவார்கள். அவர்களின் பேணுதலை நான் மதிக்கிறேன். நான் இங்கே ஃபத்வா எழுத வரவில்லை. நம் தெருக்களில் நடந்ததை, நடந்தது நடந்தபடி குறித்து வைப்பதுதான் என் நோக்கம். அதற்கு உஸ்தாத் அவர்கள் கற்றுத்தந்த ஹதீஸ் கலையின் முறையே எனக்குத் துணையாயிற்று.

ஒரு நீளக் குறிப்பேடு வாங்கினேன். நாள், இடம், விழா, பாடகர், உடன் வாசித்தவர், செய்தியைச் சொன்னவர், அவர் நேரில் கண்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா என்று கட்டங்கள் வரைந்தேன். முதல் பதிவாக எங்கள் தெருக் கச்சேரியையே எழுத எண்ணினேன். அதில் சந்தேகம் ஏதும் இல்லை என்றல்லவா நம்பியிருந்தேன்!

அத்தா அவர்கள் 1974 என்பார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் 1977 என்றார். கிழமையிலும் வேறுபாடு: சிலர் வெள்ளி என்றனர், சிலர் சனி என்றனர். பழைய விழாக் குழுவினர் ஒருவரின் வீட்டுப் பரணில் இருந்த தகரப் பெட்டியில் ஒரு துண்டு நோட்டீஸ் கிடைத்தது. இளஞ்சிவப்புத் தாள், மேல் வலப்பக்கம் கரையான் அரித்துவிட்டது. பாடகரின் பெயர் இருக்க வேண்டிய இடமும் அதோடு போயிற்று. "...அவர்களின் இஸ்லாமிய இன்னிசைக் கச்சேரி" என்பது மட்டும் எஞ்சியிருந்தது. ஊர்ப் பெயருக்குக் கீழே 'இராமநாதபுரம் மாவட்டம்' என்று இருந்தது. நம் வட்டாரம் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1985இல்; ஆகவே நோட்டீஸ் அதற்கு முந்தியது. பிறை 18 என்றும், 'வெள்ளி மாலை சனி இரவு' என்றும் அச்சிட்டிருந்தார்கள். ஆண்டு இல்லை. கிழமை பற்றிய சச்சரவு மட்டும் அங்கேயே தீர்ந்தது. மஃரிபோடு மறுநாள் தொடங்கிவிடுவதால், ஒரே இரவு சிலருக்கு வெள்ளியாகவும் சிலருக்குச் சனியாகவும் நினைவில் தங்கிவிட்டது.

அச்சகத்தின் பெயர் நோட்டீஸின் அடியில் இருந்தது. அச்சிடும் தாள் எதுவாயினும் அச்சகத்தார் பெயரும் ஊரும் இருக்க வேண்டும் என்பது அந்நாளில் நடைமுறையில் இருந்த 1867ஆம் ஆண்டுச் சட்டம். ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். நான் நாள்தோறும் பேருந்தில் சென்று வரும் ஊர்தான். அந்த அச்சகம் மூடப்பட்டு ஆண்டுகள் பல ஆயின. ஆனால் விசாரித்துக்கொண்டே போனதில், ஆண்டாள் கோயில் கோபுரம் தெரியும் ஒரு சந்தில், அந்நாளில் சவுண்டு சர்வீஸ் நடத்திய பெரியவர் ஒருவர் இருப்பதாக அறிந்தேன். எண்பதைக் கடந்தவர், நம் சமுதாயத்தவர் அல்லர். கோயில் திருவிழாவுக்கும் நம் கந்தூரிக்கும் மாதாகோயில் விழாவுக்கும் அவர்தாம் குழாய் கட்டியவர்.

நான் சொல்லி முடிக்கும் முன்பே அவர் எழுந்து அலமாரியைத் திறந்தார். ஆண்டுக்கு ஒன்றாகக் கணக்கு நோட்டுகள் கட்டி அடுக்கப்பட்டிருந்தன. நெடுநேரம் தேடி ஒரு பக்கத்தைக் காட்டினார். '19.3.76 வெள்ளி. ராஜபாளையம் பள்ளிவாசல் தெரு. குழாய் 2. மைக் 2. ரூ. 40.' பஞ்சாங்கத்தை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். ரபீவுல் அவ்வல் பிறை 18இன் இரவு அதுவே. எனக்கு அப்போது வயது ஆறு. 1974 அன்று, 1977 அன்று, 1976. அல்ஹம்துலில்லாஹ் என்று குறிப்பேட்டைத் திறந்து, பாடகர் என்ற கட்டத்தில் எழுதப் போனேன்.

"என்ன பாய் எழுதுறீங்க?" என்றார்.

"நாகூர் ஹனீபா அவர்களின் பெயரை, ஐயா."

அவர் சிரித்துவிட்டார். "அவர் வந்திருந்தா ரெண்டு குழாய் காணுமா பாய்? அவருக்குக் கூடுற கூட்டத்துக்கு எட்டுக் குழாயாவது கட்டணும். எமர்ஜென்சி நேரம் அது. போலீஸ் அனுமதிக்கு உங்க அத்தாதான் என்னோட வந்து அலைஞ்சாரு. பாடினது ஒரு சின்ன வயசுப் பையன். ஹனீபா பாட்டாவே பாடினான். கண்ணை மூடிக்கிட்டா அவரேதான். கடைசியா, தான் கட்டின பாட்டு ஒண்ணு, தாயைப் பத்தி, அதைப் பாடினான். நானே அழுதுட்டேன்."

எழுதுகோலை மூடி வைத்தேன். ஒரு சாட்சி போதாது என்று என்னையே தேற்றிக்கொண்டு, மறுவாரம் விழாக் குழுவின் பழைய வரவு செலவுப் பேரேட்டைத் தேடிப் பார்த்தேன். 'கச்சேரி வகைக்கு ரூ. 150. திண்டுக்கல் பஸ் 5 நபர். பால், பழம்.' பெயர் இல்லை. அத்தா அவர்களின் கையெழுத்து மட்டும் கீழே இருந்தது. பெயர்பெற்ற பாடகருக்கு உரிய தொகையும் அன்று. அவர் வந்திருந்தால் குழுவினர் பெயரைப் பெரிதாக எழுதாமல் விட்டிருக்கவும் மாட்டார்கள்.

கதை எப்படித் திரிந்தது என்பது மெல்ல விளங்கியது. அன்று தெருவார் சொன்னது, 'ஹனீபா பாட்டுக் கச்சேரி' என்று. சில ஆண்டுகள் கழித்து அது 'ஹனீபா கச்சேரி' ஆயிற்று. பின்னர் 'ஹனீபா வந்து பாடினார்' ஆயிற்று. எவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் ஒரு சொல்லைக் கைவிட்டார்கள், அவ்வளவே. ஆயினும் அச்சொற்களோடு ஒரு மனிதரும் கைவிடப்பட்டுவிட்டார்.

இப்போது எனக்கு வந்த சோதனை சிறிதன்று. அத்தா அவர்கள் உயிரோடு இல்லை. அவர்கள் வாழ்நாளெல்லாம் சொல்லி மகிழ்ந்த கதையை, மகனாகிய நான் தவறு என்று எழுதுவதா? எழுதாமல் விட்டால் யாருக்கு நட்டம்? சில இரவுகள் உறக்கமின்றிக் கழிந்தன. அப்போது அலீ இப்னுல் மதீனீ (ரஹ்) அவர்கள் நினைவுக்கு வந்தார்கள். ஹதீஸ் கலையின் பேரிமாம்களில் ஒருவர். அவர்களின் தந்தையும் ஹதீஸ் அறிவித்தவர். தந்தையின் தரத்தைப் பற்றிக் கேட்டபோது, வேறொருவரிடம் கேளுங்கள் என்றார்கள். மீண்டும் கேட்டபோது தலைகுனிந்து, பிறகு நிமிர்ந்து, இது தீன் சம்பந்தப்பட்டது, என் தந்தை பலவீனமானவர் என்று சொல்லிவிட்டார்கள். என் விஷயம் தீனுடைய விஷயம் அன்று. ஒரு தெருக் கச்சேரி. எனினும் அந்த முறையைக் கிதாபில் ஓதிவிட்டு, வீட்டுக் கதை என்றதும் கைவிடுவது எனக்கு அழகாகத் தோன்றவில்லை.

அம்மாவிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்தேன். எண்பத்து நான்கு வயது. அஸர் தொழுதுவிட்டு முஸல்லாவிலேயே அமர்ந்திருந்தார்கள். தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர்கள் சிறிதும் அதிரவில்லை.

"அது எனக்குத் தெரியுமேப்பா. சோறு போட்டவ நானில்லையா? இருபது இருபத்திரண்டு வயசுப் பிள்ளை. தொண்டை கட்டிப்போச்சுன்னு மிளகு ரசம் வச்சுக் குடுத்தேன். வீட்டுல பொம்பளைப் பிள்ளை பிறந்து நாப்பது நாள் ஆகலைன்னு சொன்னுச்சு. உன்னைப் பார்த்ததும் அந்த நெனப்பு வந்து, தலையில கை வச்சு ஓதிட்டுப் போச்சு."

"பிறகு ஏன் அம்மா இத்தனை நாள் சொல்லவில்லை?"

"உங்க அத்தா சந்தோஷமாச் சொல்லும்போது குறுக்கே என்னத்தச் சொல்ல? நீயும் என்கிட்ட ஒரு நாளும் கேட்கலையே."

நான் வாயடைத்துப் போனேன். பரணில் தேடினேன், பேரேட்டில் தேடினேன், பக்கத்து ஊரில் தேடினேன். அடுக்களையில் இருந்த நேர்சாட்சியைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஸஹாபாக்களே சென்று கேட்டுத் தெளிந்தார்கள் என்றும், ஸஹீஹ் புகாரியை மக்காவில் ஓதிக்கொடுத்த கரீமா என்னும் பெருமாட்டியிடம் பெரும் ஆலிம்கள் பாடம் கேட்டார்கள் என்றும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான்!

"அந்தப் பிள்ளையின் பெயர் நினைவிருக்கிறதா, அம்மா?"

நெடுநேரம் யோசித்தார்கள். "உங்க அத்தா தம்பி, தம்பின்னுதான் கூப்பிட்டாங்க" என்றார்கள்.

ஹதீஸின் ஸனதில் 'ஒரு மனிதர் அறிவித்தார்' என்று பெயரின்றி வருபவரை 'முப்ஹம்' என்பார்கள். அவர் யாரென்று தெரியாதவரை அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி பழுதாகவே இருக்கும். அத்தகையோரின் பெயர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கென்றே கதீப் அல் பக்தாதீ (ரஹ்) அவர்கள் தனி நூல் ஒன்று எழுதினார்கள். பெயர் தெரியாத மனிதருக்காக ஒரு நூலே எழுதிய முன்னோர்கள் நமக்கு இருக்கிறார்கள்.

என் குறிப்பேட்டின் முதல் பதிவு இப்போது இவ்வாறு இருக்கிறது: '1976 மார்ச் 19, வெள்ளி மாலை சனி இரவு. இராஜபாளையம். மீலாது விழா. பாடகர்: திண்டுக்கல் வழியே வந்த ஓர் இளைஞர், பெயர் கிடைக்கவில்லை. உடன் வந்தோர் நால்வர். இசைமுரசு என்று முன்னர் சொல்லப்பட்டது பிழை. அறிவித்தோர்: ஒலிபெருக்கி அமைத்தவர், நேரில் கேட்டவர், என் தாயார், உணவளித்தவர்.' மேடைகளில் இனி இக்கதையை இப்படியே சொல்கிறேன். கேட்பவர்களின் முகத்தில் முன்பிருந்த வியப்பு இல்லை என்பது உண்மைதான்.

அந்த இளைஞர் இன்று இருந்தால் எழுபதைக் கடந்திருப்பார். நாற்பது நாள் நிறையாதிருந்த அந்தக் குழந்தைக்கு இன்று ஐம்பது வயது ஆகியிருக்கும். தம் தந்தை ஹனீபா பாடல்களை ஊர் ஊராகப் பாடினார் என்று எங்கேனும் ஒரு வீட்டில் அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கக் கூடும். அதற்குச் சான்று கேட்பவர்களுக்குக் காட்ட அவரிடம் ஒன்றும் இல்லாமலும் இருக்கக் கூடும். அந்தச் சான்று எங்கள் ஊரில் இருக்கிறது.

வாசகப் பெருமக்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் தகரப் பெட்டியிலும் இத்தகைய நோட்டீஸ்கள் இருக்கலாம். பழைய தாள் என்று அடுப்பில் இட்டுவிடாதீர்கள். ஊர், நாள், பாடியவர் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அதனோடு சேர்த்து வையுங்கள். யார் சொன்னார், அவர் நேரில் கண்டாரா என்பதையும் மறவாமல் எழுதுங்கள். வீட்டிலுள்ள முதிய பெண்மக்களை முதலில் கேளுங்கள். திண்டுக்கல் பக்கத்தில், தாயைப் பற்றித் தாமே பாட்டுக் கட்டிப் பாடிய ஒருவரை உங்களில் யாரேனும் அறிந்திருந்தால், இராஜபாளையத்தில் அவருக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுத்த ஒரு தாய் இன்னும் இருக்கிறார்கள் என்று அவருக்கோ அவர் மக்களுக்கோ சொல்லுங்கள். அவர்கள் செய்த துஆ வீண்போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.